வெளிநாட்டு உதவியைக் கைவிட்ட குடியரசுக் கட்சி: பழமைவாதக் கருத்தாளர்களின் பொறுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 அன்று செயல்பாட்டை நிறுத்தியது. அதையொட்டித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சு நடையிலேயே இருக்கின்றன.

பழமைவாதக் கருத்தாளர்கள்னு யாரைச் சொல்றீங்க? டிவியில கத்துறவங்களையா?

அவர்களும் உண்டு, அவர்கள் மட்டும் இல்லை. ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளர்கள், வானொலி உரையாளர்கள், பாட்காஸ்ட் நடத்துபவர்கள், நாளிதழ்ப் பத்தி எழுத்தாளர்கள், ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் போன்ற ஆய்வு மையங்களில் அறிக்கை எழுதுபவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். தேர்தலில் நிற்காமலே ஒரு கட்சி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வகுத்துத் தருபவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடியரசுக் கட்சி எப்பவுமே வெளிநாட்டு உதவிக்கு எதிரிதானே? இதுல புதுசா என்ன மாற்றம்?

இந்த எண்ணம் தவறு. 1948இல் மார்ஷல் திட்டம் செனட்டில் தேறியதற்கு முக்கியக் காரணம் ஆர்தர் வாண்டன்பர்க் என்ற குடியரசுக் கட்சி செனட்டர். நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது. 1954இல் அமெரிக்க உபரித் தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பிஎல்-480 சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஐசன்ஹோவர். நம் ஊர்ப் பெரியவர்கள் ரேஷன் வரிசையில் நின்று வாங்கிய அமெரிக்கக் கோதுமை அந்தச் சட்டத்தின் வழியாக வந்ததுதான். 1980களில் எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது, அங்கே இருந்தது சோவியத் சார்பு அரசு என்று தெரிந்தும் ரீகன் அரசு உணவு அனுப்பியது.

எதிர்ப்பும் கட்சிக்குள் கூடவே இருந்தது. வட கரோலினா செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் 1990களில் உதவிப் பணத்தை எலிவளையில் கொட்டும் பணம் என்றே பேசினார், யுஎஸ்எய்டைக் கலைக்கவும் முயன்றார். ஆனால் அந்த அணி கட்சியின் கொள்கையைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வரவில்லை. அது வந்ததுதான் இப்போதைய மாற்றம்.

பெப்ஃபார்னா என்ன? எதை எடுத்தாலும் அதையே உதாரணமா சொல்றாங்களே?

எய்ட்ஸ் ஒழிப்புக்காக ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2003 ஜனவரி உரையில் அறிவித்த திட்டம் அது. தொடக்கத்தில் 5 ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலர். அதற்காக வெள்ளை மாளிகைக்குள் வாதாடியவர்களில் ஒருவர் புஷ்ஷின் உரை எழுத்தாளர் மைக்கேல் ஜெர்சன். பின்னாளில் அவரே பழமைவாதப் பத்தி எழுத்தாளராக இருந்து, 2022இல் இறக்கும்வரை அத்திட்டத்துக்காக எழுதினார். திட்டம் சுமார் 2.5 கோடி உயிர்களைக் காத்தது என்பது அமெரிக்க அரசே சொல்லும் மதிப்பீடு.

மேலே சொன்ன ஹெல்ம்ஸ்கூட 2002இல் எய்ட்ஸுக்காகத் தான் போதிய அளவு எதுவும் செய்யாததற்கு வெட்கப்படுவதாகச் சொல்லி, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றுவதைத் தடுக்க 50 கோடி டாலர் ஒதுக்கக் கோரினார். அவரை அசைத்தது எதிரணியின் வாதம் அல்ல. பைபிள் மொழியில் பேசிய சுவிசேஷக் கிறிஸ்தவத் தலைவர்களும், பாடகர் போனோவும்தான். அவருடைய சொந்த அணியின் நம்பிக்கையிலிருந்தே அவர்கள் பேசினார்கள். கருத்தாளர்களின் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது பெப்ஃபார் ஏன் உதாரணமாகிறது என்றால், அதே பழமைவாத மேடை ஒரு திட்டத்தை உருவாக்கவும் முடிந்தது, இருபது ஆண்டு கழித்து அதையே முடக்கவும் முடிந்தது.

அப்போ கட்சி எப்போ திரும்பிச்சு? ட்ரம்ப் வந்த உடனேயா?

விதை அதற்கு முந்தையது. 1992இல் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் பதவியிலிருந்த அதிபரை எதிர்த்து நின்ற பாட் புக்கனன் தொழில்முறையில் பத்தி எழுத்தாளர், தொலைக்காட்சி விவாதக்காரர். 'அமெரிக்கா முதலில்' என்று முழங்கி, வெளிநாட்டு உதவியை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 37 சதவீத வாக்கு அவருக்கு விழுந்தது. 2017இல் ட்ரம்ப் அரசு வெளியுறவு, உதவி நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்டச் சொன்னபோது, ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல்கள் 120க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். குடியரசுக் கட்சியின் கையிலிருந்த நாடாளுமன்றமே வெட்டை ஏற்கவில்லை. அதாவது அதிபர் மாறியும் கட்சி அன்று மாறவில்லை.

திருப்பம் உக்ரைன் போரில் தெளிவாகத் தெரிகிறது. 2022 மே மாதம் 4,000 கோடி டாலர் உதவி கீழவையில் 368-57 என்று தேறியது. எதிர்த்த 57 பேரும் குடியரசுக் கட்சியினர். ஹெரிடேஜின் அரசியல் பிரிவு, இந்த உதவி அமெரிக்காவைக் கடைசியில் தள்ளுகிறது என்று அறிக்கை விட்டது அந்த வாரத்தில்தான். 2023 மார்ச்சில் ஃபாக்ஸின் டக்கர் கார்ல்சன் அதிபர் வேட்பாளர் ஆக வாய்ப்புள்ளவர்களுக்கெல்லாம் உக்ரைன் குறித்துக் கேள்வித்தாள் அனுப்பினார். ஃபுளோரிடா ஆளுநர் டிசாண்டிஸ் அதை 'எல்லைத் தகராறு' என்று எழுதிக்கொடுத்து, சொந்தக் கட்சியினரின் கண்டனம் வந்ததும் சில நாட்களில் பூசி மெழுக வேண்டியதாயிற்று. ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளர் வினாத்தாள் கொடுக்க, ஒரு மாநில ஆளுநர் பரீட்சை எழுதுகிறார். கட்சியில் யார் யாருக்கு அஞ்சினார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை. 2024 ஏப்ரலில் 6,100 கோடி டாலர் உக்ரைன் மசோதா வந்தபோது கட்சியினரில் 101 பேர் ஆதரவு, 112 பேர் எதிர்ப்பு.

மூடினது ட்ரம்ப், மஸ்க், ரூபியோ. கையெழுத்துப் போட்டவனை விட்டுட்டு பத்தி எழுதறவனை ஏன் பிடிக்கிறீங்க?

முதல் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர்களுடையதுதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் யுஎஸ்எய்ட் சும்மா ஒரு அதிபர் ஆணையில் தொங்கிய அமைப்பு அல்ல. 1961இல் கென்னடி ஆணையில் தொடங்கினாலும், 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தனி அமைப்பாக அங்கீகரித்திருந்தது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அதிபர் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி வைப்பதைத் தடுக்க 1974இல் ஒரு சட்டமும் உண்டு. இந்த இரண்டையும் தாண்ட வேண்டுமானால், இரு அவைகளிலும் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். இருந்தார்கள்.

மார்க்கோ ரூபியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் செனட்டராக, வெளிநாட்டு உதவி தர்மம் அல்ல, பட்ஜெட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம் என்று பகிரங்கமாக எழுதியவர். 2025 மார்ச் 10 அன்று வெளியுறவு அமைச்சராக, யுஎஸ்எய்ட் திட்டங்களில் 83 சதவீதத்தை, சுமார் 5,200 ஒப்பந்தங்களை, ரத்து செய்ததாக அறிவித்தவரும் அவரே. இடையில் அவருக்குத் தெரிந்த உண்மைகள் எதுவும் மாறவில்லை. பழைய நிலைப்பாட்டில் நின்றால் கட்சிக்குள் கொடுக்க வேண்டிய விலை ஏறியிருந்தது. அந்த விலையை இரவுக்கு இரவு ஏற்றியவர்கள் கருத்தாளர்கள். அவர்கள் மீது பொறுப்பு சுமத்துவதற்கான அடிப்படை இதுதான், மற்ற பதில்கள் எல்லாம் இதன் மேல் நிற்பவை.

திருநங்கை ஓபராவுக்குக் காசு கொடுத்தாங்கன்னு பட்டியலே வந்துச்சே? அது உண்மையா, பொய்யா?

2025 பிப்ரவரி 3 அன்று வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் நான்கு செலவினங்களைப் படித்தார்: செர்பியாவில் பணியிடப் பன்மைத்துவத்துக்கு 15 லட்சம் டாலர், அயர்லாந்தில் ஓர் இசை நாடகத்துக்கு 70,000, கொலம்பியாவில் ஓபராவுக்கு 47,000, பெருவில் ஒரு காமிக்ஸுக்கு 32,000. அன்றிரவு முதல் பழமைவாத ஊடகங்களில் இந்தப் பட்டியல்தான். செலவுப் பதிவுகளைப் பார்த்தவர்கள் கண்டது: யுஎஸ்எய்ட் கொடுத்தது செர்பியா இனம் மட்டுமே. மற்ற மூன்றும் வெளியுறவுத் துறையின் மானியங்கள், அதாவது மூடப்படாத துறையின் செலவு.

நான்கையும் கூட்டினால் 16.49 லட்சம் டாலர். யுஎஸ்எய்ட் ஆண்டுக்குக் கையாண்டது சுமார் 4,000 கோடி டாலர். செர்பியாவின் 15 லட்சம் என்பது ஒரு லட்சம் டாலர் செலவில் நான்கு டாலரைக்கூடத் தொடாது. அந்தச் செலவு வேண்டாதது என்று ஒருவர் நினைக்கலாம், அது நியாயமான கருத்து. அதை நிறுத்தச் சொல்ல ஒரு வரி போதும். அதைக் காட்டி மலேரியா மருந்தையும் பஞ்ச நிவாரணத்தையும் நிறுத்துவதை நியாயப்படுத்தியதுதான் தவறு. தொகையின் அளவைச் சொல்லாமல் செலவினத்தின் பெயரை மட்டும் ஒப்பித்த ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தியத் தேர்தலுக்கே 2.1 கோடி டாலர் கொடுத்தாங்கன்னு சொன்னாங்களே?

2025 பிப்ரவரி நடுவில், அரசுச் செலவைக் குறைக்க மஸ்க் நடத்திய டோஜ் குழு வெளியிட்ட ரத்துப் பட்டியலில் 'இந்தியாவில் வாக்குப்பதிவை உயர்த்த 2.1 கோடி டாலர்' என்று ஒரு வரி இருந்தது. இங்கே கட்சிகள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டன. ட்ரம்ப் அதைப் பல மேடைகளில் பேசினார். இந்தியன் எக்ஸ்பிரஸ் பதிவுகளைத் தேடியபோது, அந்தத் தொகை 2022இல் வங்கதேசத்துக்காக ஒதுக்கப்பட்டது என்று தெரிந்தது. 2014 முதல் 2024 வரை அப்படியொரு தொகையை யுஎஸ்எய்ட் இந்தியப் பிரிவு வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று அமெரிக்கத் தூதரகம் தந்த தகவல் 2025 ஆகஸ்டில் மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் யுஎஸ்எய்டே மூடப்பட்டுவிட்டது.

இந்த மாதிரிப் பட்டியல் வாட்ஸ்அப்பில வந்தா நானே எப்படிச் சரிபார்க்கிறது?

முதலில் வரியைப் பிரியுங்கள்: தொகை, கொடுத்த துறை, பெற்றவர், ஆண்டு, இடம். இந்த ஐந்தில் எது இல்லையோ அதில்தான் பெரும்பாலும் கோளாறு. பிறகு அமெரிக்க அரசின் 'யுஎஸ்ஏ ஸ்பெண்டிங்' தளத்தில் பெற்றவர் பெயரையோ மானிய எண்ணையோ தேடுங்கள். அங்கே 'வழங்கும் துறை', 'நிதி தரும் துறை' என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். ஓபரா விவகாரம் அம்பலமானது இந்த இடத்தில்தான்.

அடுத்து தொகை. ஒப்பந்த உச்சவரம்பு, ஒதுக்கிய தொகை, கையை விட்டுப் போன தொகை மூன்றும் வெவ்வேறு. உச்சவரம்பை எடுத்து 'இவ்வளவு மிச்சம்' என்று காட்டுவது டோஜ் பட்டியல்களில் அடிக்கடி நடந்தது. 'பொலிட்டிகோ' செய்தி நிறுவனத்துக்கு யுஎஸ்எய்ட் 80 லட்சம் டாலர் கொடுத்ததாகப் பரவியதும் இதைப் போன்றதே. அது மொத்த அரசுத் துறைகளும் கட்டிய சந்தா. யுஎஸ்எய்டின் பங்கு இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 44,000 டாலர்.

கடைசியில் இடம். காசாவுக்கு 5 கோடி டாலர் ஆணுறை என்று சொன்னார்களே, அதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. மொசாம்பிக் நாட்டில் காசா என்றொரு மாகாணம் இருப்பதையும், அங்கே எச்ஐவி திட்டம் நடந்ததையும் செய்தியாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நிருபர் கேட்டபோது, நான் சொல்வதில் சில தவறாக இருக்கும் என்று மஸ்க் பிப்ரவரி 11 அன்று ஒப்புக்கொண்டார். ஆணுறைக் கதையை ஓட்டியவர்களில் எத்தனை பேர் இந்தத் திருத்தத்தையும் அதே நேரம் ஒதுக்கிச் சொன்னார்கள் என்று பாருங்கள். ஒரு கருத்தாளரை எடைபோட நல்ல அளவுகோல் அது.

உதவியில குறையே இல்லையா? குறை சொன்னவங்க எல்லாரும் குற்றவாளியா?

குறைகள் நிறைய. அமெரிக்க உணவு உதவியில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும் என்ற சட்டத்தால் சரக்குக் கட்டணமே பெரும் தொகையை விழுங்கும். மானியத்தில் 25 சதவீதம் உதவி பெறும் நாடுகளின் உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று 2021இல் இலக்கு வைத்தும், அது 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. மலிவு அமெரிக்க அரிசி ஹைட்டி விவசாயிகளை அழித்ததற்கு பில் கிளிண்டனே 2010இல் மன்னிப்புக் கேட்டார். லண்டனில் பேராசிரியராக இருந்த பீட்டர் பாயர் 1950களிலிருந்தே, உதவி ஏழை நாட்டு ஆட்சியாளர்களைத்தான் வளர்க்கிறது என்று காரண காரியத்தோடு வாதாடினார்.

இவர்களைப் போன்றவர்களைக் கருத்தாளர் என்ற ஒரே காரணத்துக்காகக் கூண்டில் ஏற்றக்கூடாது. சீர்திருத்தம் வேண்டும் என்று வாதாடியவர், 2025 பிப்ரவரியில் மொத்தமாக நொறுக்கியபோது 'நான் கேட்டது இது இல்லை' என்று சொன்னாரா என்பதே கேள்வி. சொன்னவர் மேல் பழி இல்லை. மௌனமாக இருந்தவர் தன் பழைய வாதத்தை மற்றவர்கள் கோடரிக்குப் பிடியாக்க இடம் கொடுத்தார்.

ஹெரிடேஜ் போட்ட திட்டத்துலயே யுஎஸ்எய்டை மூடச் சொல்லலையாமே?

உண்மை. 'ப்ராஜெக்ட் 2025' ஆவணத்தின் யுஎஸ்எய்ட் அத்தியாயம் அமைப்பைச் சுருக்கவும், கொரோனாவுக்கு முந்தைய செலவு அளவுக்குக் கொண்டுவரவும், பன்மைத்துவத் திட்டங்களை நீக்கவும் சொன்னது. கலைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஹெரிடேஜின் கணக்கு அந்த அத்தியாயத்தோடு முடிவதில்லை. 2023 மே மாதம் அது பெப்ஃபாரை மறுபரிசீலனை செய்யச் சொல்லி, கருக்கலைப்பை ஊக்குவிக்கும் அமைப்புகளுக்குப் பணம் போகிறது என்று குற்றம் சாட்டும் அறிக்கை வெளியிட்டது. 2018இல் அதே திட்டத்தின் நீட்டிப்பு மசோதாவைக் கொண்டுவந்த குடியரசுக் கட்சி கீழவை உறுப்பினர் கிறிஸ் ஸ்மித் இம்முறை எதிர்த்து நின்றார். கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகள், நீட்டிப்புக்கு ஆதரவாக வாக்களித்தால் உறுப்பினர்களுக்குத் தாங்கள் போடும் மதிப்பெண் குறையும் என்று எச்சரித்தன. 2013இலும் 2018இலும் சண்டையின்றி ஐந்தைந்து ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்ட திட்டம், 2023 செப்டம்பர் 30 அன்று நீட்டிப்பு இல்லாமல் காலாவதியானது. 2024 மார்ச்சில் ஓராண்டு மட்டும் கிடைத்தது. ஐந்தாண்டு நீட்டிப்புக் கேட்டு புஷ்ஷே பேனா எடுத்தும் பலிக்கவில்லை.

குற்றச்சாட்டில் துளியும் உண்மை இல்லையா என்றால், 2025 ஜனவரியில் மொசாம்பிக்கில் திட்டப் பணத்தில் வேலை செய்த 4 செவிலியர்கள் 21 கருக்கலைப்புகள் செய்தது அரசின் சொந்தத் தணிக்கையில் தெரிந்து நாடாளுமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. விதி மீறல்தான். கண்டுபிடித்து அறிவிக்கும் முறை வேலை செய்தது என்பதற்கும் அதுவே சான்று. கோடிக்கணக்கானோர் மருந்து பெறும் திட்டத்தை எடைபோடும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது எழுதுபவரின் கடமை.

மக்கள் மனசுல இருந்ததைத்தானே அவங்க பேசினாங்க? கருத்தாளர் கண்ணாடி மாதிரிதானே?

மக்கள் மனதில் இருந்தது ஒரு தவறான எண். மத்திய பட்ஜெட்டில் எவ்வளவு வெளிநாட்டுக்குப் போகிறது என்று 2025இல் கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் கேட்டபோது அமெரிக்கர்கள் சராசரியாகச் சொன்னது 26 சதவீதம். உண்மை சுமார் 1 சதவீதம். சரியான எண்ணைச் சொன்ன பிறகு கேட்டால், செலவு அதிகம் என்பவர்களின் பங்கு கணிசமாகக் குறைகிறது. பத்தாண்டுகளாக இந்தக் கருத்துக்கணிப்பு ஏறக்குறைய இதே முடிவைத்தான் தருகிறது. நாள்தோறும் பல லட்சம் பேரிடம் பேசும் வாய்ப்பு இருந்தவர்கள் அந்த எண்ணைத் திருத்தியிருக்கலாம். திருத்தாமல் அதன் மேல் கட்டினார்கள்.

வான்ஸ் சொன்னது சரிதானே? முதல்ல குடும்பம், அப்புறம் ஊர், கடைசியிலதான் உலகம்?

2025 ஜனவரி இறுதியில் துணை அதிபர் ஃபாக்ஸ் பேட்டியில், இதைப் பழைய கிறிஸ்தவக் கோட்பாடாகவே சொன்னார். பேச்சு குடியேற்றத்தைப் பற்றியது, ஆனால் உதவி நிறுத்தத்துக்கும் அதையே பலர் மேற்கோள் காட்டினார்கள். பிப்ரவரி 10 அன்று போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், அன்பின் சரியான ஒழுங்கை நல்ல சமாரியன் உவமையில் தேடச் சொன்னார். இறையியலைத் தள்ளிவைத்தாலும் கணக்கு இருக்கிறது: நூற்றில் 99 வீட்டுக்கும் 1 வெளிக்கும் என்பது வீட்டை முதலில் வைத்த பங்கீடுதானே.

எதிர்த்து எழுதின பழமைவாதிகள் யாருமே இல்லையா?

இருந்தார்கள். புஷ் காலத்தில் யுஎஸ்எய்டை நடத்திய ஆண்ட்ரூ நாட்சியோஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். பீட்டர் வேனர், டேவிட் ஃபிரெஞ்ச் போன்றவர்கள் எழுதினார்கள். ஆனால் அவர்கள் எழுதுவது அட்லாண்டிக்கிலும் நியூயார்க் டைம்ஸிலும். குடியரசுக் கட்சி வாக்காளர் அங்கே போவதில்லை. இந்த அணியின் சொந்த மேடையாக இருந்த 'வீக்லி ஸ்டாண்டர்ட்' 2018 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. ஹெல்ம்ஸை மாற்றியது அவருடைய ஆட்கள் என்று முன்பு சொன்னோம். 2025இல் அப்படிப் பேசக்கூடியவர்களுக்குக் கட்சிக்குள் மேடையே இல்லை.

எழுத்தால உயிர் போச்சுன்னு சொல்றது மிகையில்லையா?

தனி ஒருவரின் பத்தியையும் ஒரு மரணத்தையும் கோடு போட்டு இணைக்க முடியாது, இணைக்கவும் கூடாது. நடந்ததை மட்டும் பார்ப்போம். 2025 ஜனவரி 24 அன்று வேலை நிறுத்த உத்தரவு. 28 அன்று உயிர்காக்கும் உதவிக்கு விலக்கு. தாளில் விலக்கு இருந்தும் பணம் போகவில்லை: பட்டுவாடா செய்யும் கணினி அமைப்பு முடக்கப்பட்டிருந்தது, பில்லுக்கு ஒப்புதல் தரும் அலுவலர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டிருந்தார்கள். 48.9 கோடி டாலர் மதிப்புள்ள உணவு கெட்டுப்போகும் அபாயத்தில் இருக்கிறது என்று பிப்ரவரி 10 அன்று எழுதிய யுஎஸ்எய்டின் தணிக்கைத் தலைவர் மறுநாள் நீக்கப்பட்டார். துபாய்க் கிடங்கில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காக இருந்த சுமார் 500 டன் சத்து பிஸ்கட், ஜூலையில் காலாவதியாகி எரிக்கப்பட வேண்டியதாயிற்று. வாங்க ஆன செலவு 8 லட்சம் டாலர், அழிக்க மேலும் 1.3 லட்சம்.

லான்செட் இதழில் வந்த ஆய்வு, வெட்டுகள் நீடித்தால் 2030க்குள் கூடுதலாக 1.4 கோடிக்கும் மேற்பட்டோர் இறக்கலாம், அதில் 45 லட்சம் பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது. இது மாதிரிக் கணிப்பு, எண்ணிய பிணங்கள் அல்ல. அந்த வேறுபாட்டைச் சொல்லியே மேற்கோள் காட்டுங்கள். பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் எழுபது லட்சம்.

இடதுசாரிங்க மேல பொறுப்பே இல்லையா?

கொஞ்சம் உண்டு. உதவி என்றாலே ஏகாதிபத்தியம் என்று பல ஆண்டு பேசியவர்கள், மூடியபோது திகைத்தார்கள். ஜனநாயகக் கட்சி அரசுகள் உதவித் திட்டங்களில் உள்நாட்டுக் கலாசாரச் சண்டையைச் சேர்த்தது எதிரிக்கு எளிய இலக்கு கொடுத்தது. ஆனால் வாக்குகளை எண்ணினால் பங்கு சமமில்லை. 2025 ஜூலையில் சுமார் 900 கோடி டாலரைத் திரும்பப் பெறும் மசோதா, அதில் ஏறக்குறைய 800 கோடி வெளிநாட்டு உதவி, செனட்டில் 51-48, கீழவையில் 216-213 என்று தேறியது. ஆதரவாக ஜனநாயகக் கட்சி வாக்கு ஒன்றுகூட இல்லை.

சரி, இப்போ அவங்க என்ன செய்யணும்? மன்னிப்புக் கேட்டா போதுமா?

மன்னிப்பால் மருந்து வராது. செய்யக்கூடியவை திட்டமாகவே இருக்கின்றன. ஓபரா, ஆணுறை, 2.1 கோடி பட்டியல்களைச் சொன்ன அதே நிகழ்ச்சியில் அதே நேரத்தில் திருத்தம் சொல்ல வேண்டும். 'ஒரு சதவீதம்' என்ற எண்ணை, உதவியைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். வெட்டை ஆதரிப்பவர் எந்தத் திட்டத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

இதற்குப் பலன் இருக்குமா என்ற சந்தேகத்துக்கு அந்த ஜூலை மசோதாவே பதில். முதல் வடிவில் பெப்ஃபாரிலிருந்தும் 40 கோடி டாலரை வெட்டச் சொல்லியிருந்தது. சூசன் காலின்ஸ் உள்ளிட்ட குடியரசுக் கட்சி செனட்டர்கள் சிலர் ஏற்க மறுத்ததும் வெள்ளை மாளிகை அந்த வரியை விட்டுக்கொடுத்தது. ஒதுக்கீட்டு மசோதா ஒவ்வோர் ஆண்டும் வரும். அடுத்த முறை இன்னும் எத்தனை செனட்டர்கள் அப்படி மறுப்பார்கள் என்பது, அவர்களுடைய வாக்காளர்கள் அந்த வாரம் எந்த நிகழ்ச்சியில் என்ன கேட்டார்கள் என்பதைப் பொறுத்திருக்கும்.